சட்டி கேட்ட சாமி

உட்காருங்கப்பு, எடமிருக்கு. அந்தப் பையை நான் இப்படி நகத்திக்கிறேன். இந்த மாலையை மட்டும் செத்த நேரம் கையில பிடிக்கிறீகளா? கீழ வைக்கக் கூடாது. சாமிக்குள்ளது.

மாப்பிள்ளை அழைக்க வந்துருக்கேன்னு நெனச்சீகளோ? அந்த டீ விக்கிற அம்மாவும் அதைத்தான் கேட்டுச்சு. மாப்பிள்ளையும் இல்ல, மந்திரியும் இல்லப்பு. எங்க ஊருச் சாமி வருது. ரயில்லதான் வருது. ரிசர்வேசன் இல்லாத பெட்டியில, கக்கூசுப் பக்கத்துல உட்காந்துக்கிட்டு வருதுன்னு காலையில போன்ல சொல்லுச்சு. அதுக்குப் பெறகு போனை எடுக்க மாட்டேங்குது, அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. வண்டிக்கு இன்னும் நேரமிருக்கு. நாந்தான் பொறுக்கமாட்டாம விடியவுமே கெளம்பி வந்துட்டேன்.

அப்படிப் பார்க்காதீக. எனக்குப் புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. வெவரமாச் சொல்றேன், கேளுங்க.

எனக்குக் கிளுவன்குடி. பேரு சாத்தையா. இங்கேயிருந்து தெக்க போற பஸ்ஸுல போனா, கம்மாக்கரை முக்குல 'பஞ்சவர்ணம் மெஸ்'னு ஒரு போர்டு பார்க்கலாம். பஞ்சவர்ணம் எம் பொண்டாட்டி. மெஸ்ஸுங்கிறது போர்டுக்கு, உள்ள பரோட்டாக் கடை. முன்னாடி நான் சவுதியில, தம்மாம்ல, ஒரு ஓட்டல்ல மாஸ்டரா இருந்தவன். தோள்பட்டை எறங்கிப் போகவும் ஊருக்கு வந்து கடையைப் போட்டேன்.

ஊர்ல இப்ப மனுசன்னு பார்த்தா எல்லாம் நரைச்ச தலை. இளவட்டம் பூராம் வெளிய. கத்தாரு, குவைத்து, சிங்கப்பூரு, அதுக்கும் வழியில்லாதவன் திருப்பூரு. ஓட்டு லிஸ்ட்டுல பேரு இருக்கும், ஆளு இருக்காது. எங்க ஊரு இளைஞர் நற்பணி மன்றத்துக்கு யாரு தலைவருங்கிறீக? நாந்தேன். வயசு அறுவத்தொண்ணு. நான் இளவட்டமா இருந்தப்பத் தலைவரானேன், எறக்கிவிட ஒரு பய ஊர்ல இல்ல. செயலாளருக்கு ரெண்டு கண்ணும் ஆபரேசன் ஆயிருச்சு. போன பொங்கலுக்குக் கயிறு இழுக்குற போட்டி வச்சோம். இழுத்ததுல ஒருத்தருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. தூக்குறதுக்கு வேற ஆளில்லாம ரெண்டு அணியும் சேர்ந்துதான் ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சு. பரிசை அங்கேயே வச்சுக் குடுத்துட்டோம்.

ஏவாரம் மட்டும் கெட்டுப் போகலை. மகனுக அங்கேயிருந்து எனக்குப் போன் போட்டு, "எங்கப்பாவுக்கு ரெண்டு பரோட்டா குடுத்துருங்கண்ணே"ம்பானுக. அப்பனுக்குப் பல்லிருக்காது. அதனால எங்க கடையில கொத்துப் பரோட்டாவை மத்த ஊரை விடக் கூடுதலாக் கொத்தணும். கிட்டத்தட்டக் கூழு மாதிரி வரணும். அதுக்கு நல்ல கை வேணும், நல்ல தோள்பட்டை வேணும். அந்தத் தோள்பட்டைதான் பிரிஞ்சி.

அவன் பேரு பிரிஜு. ஜார்க்கண்டுப் பய. எம் பொண்டாட்டி வாயில அது பிரிஞ்சின்னு ஆச்சு, பெறகு ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. தங்கமான பய. தமிழும் தெரியும், கடைத் தமிழ். ரெண்டு செட்டு, ஒரு கலக்கி, சால்னா ஊத்து, அம்புட்டுத்தான். அதுக்கு மேல பேச்சில்ல. அப்படி ஒரு வேலைக்காரனை இந்தச் சீமையில வெளக்கு வச்சுத் தேடினாலும் பிடிக்க முடியாது.

எனக்கும் மகன் இருக்கான், மருதுபாண்டி. கத்தார்ல ஏசி மெக்கானிக்கு. அவன் ஊருப்பக்கம் எட்டிப் பார்த்து மூணு திருவிழா கழிஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் போன்ல, "சுட்டி கெடைக்கலம்மா"ம்பான். சுட்டின்னா அங்க லீவு. இந்திக்காரனும் மலையாளத்தானும் நம்மாளும் ஒரே ரூம்ல கெடக்குறதுல எல்லாத்துக்கும் அந்த வார்த்தை பொதுவாப் போச்சு. எம் பொண்டாட்டி போனை வச்சுட்டு அடுப்படியில போயி நின்னுக்கிருவா. கூப்பிட்டாக் காது கேக்காது.

நான் கேக்குறேன், அந்தக் கத்தார் முதலாளிக்கு நெஞ்சுல ஈரமிருக்கா? பெத்தவ மொகத்தைப் பார்த்துட்டு வாடான்னு ஒரு சுட்டி குடுத்தா அவன் கப்பல் கவுந்துருமா? மனுசனை மனுசனா நெனைக்கணும்ப்பு. நேர்ல பார்த்தேன்னா நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுப்புடுவேன்.

இந்தப் பிரிஞ்சியும் இருக்கானே, எந்நேரமும் லீவு லீவுன்னுதான் கெடப்பான். ஊர்ல பொம்பளைப் புள்ள பொறந்துருக்காம், இவன் இன்னும் பார்க்கலையாம். போன்ல படத்தைக் காட்டுவான். பார்த்தேன், மூக்கும் முழியுமா நல்லாத்தான் இருந்துச்சு. படத்துல பார்த்தாச்சுல்ல, பெறகு என்ன? வைகாசி முகூர்த்தம் முடியட்டும்னேன். முடியவும், பள்ளிக்கூடம் தெறக்கட்டும்னேன். எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல படிக்கிறது ரெண்டே புள்ளைக. அதுக்கும் பரோட்டாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்க அவனுக்குத் தமிழ் பத்தலை. தெறக்கவும், ஆடித் திருவிழா கழியட்டும்னேன். ஏவார நேரத்துல லீவு கேட்டா எந்த முதலாளிப்பு குடுப்பான்? நீங்களே சொல்லுங்க.

சரி, சாமிக்கு வாரேன்.

எங்க ஊருக் காவல் தெய்வம் பனையடிக் கருப்பு. முன்னோருக மலையாள தேசத்துலேர்ந்து ஒரு பிடி மண்ணெடுத்தாந்து வச்ச சாமி. திருவிழா அன்னைக்குக் கருப்பு ஆள்மேல எறங்கி வாக்குச் சொல்லணும். சொன்னாத்தான் ஊருக்குத் தெம்பு. வேலாயுதம் அண்ணன் மேலதான் எப்பவும் எறங்கும். அவுக வகையறாவுக்குத்தான் அந்தப் பாத்தியம். அவருக்கு மூட்டு ஆபரேசன் ஆகிப்போச்சு, குதிக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஒரு வருசம் நாற்காலியில உட்கார வச்சு ஆட வச்சோம். கருப்பு வந்துச்சு, இல்லேங்கலை. ஆனா எந்திரிக்க முடியாம, அருவாளைக் கேட்டு வாங்கி மடியில வச்சுக்கிட்டுப் பல்லைக் கடிச்சுக்கிட்டே உட்காந்திருந்துச்சு. சாமியைப் பார்த்து யாருக்கும் பயமே வரலை, பாவமாத்தான் இருந்துச்சு.

அதுக்கடுத்த வருசம் அவரு மகன் முத்துவேலு, குவைத்துலேர்ந்து வீடியோ கால்ல ஆடுறேன்னான். அவனுக்கும் சுட்டி கெடைக்கலை, என்ன பண்ணுவான். பூசாரி அந்தப் போனைப் பீடத்துல சாச்சு வச்சு, திருநீறு பூசி, மாலையும் போட்டாரு. இங்க உருமி அடிக்க, அங்க அவன் ரூம்ல ரெண்டு கட்டிலுக்கு நடுவுல நின்னு ஆடுறான். நல்லாத்தான் வந்துச்சு. "இந்த ஊருக்கு ஒரு கொறை இருக்குடா"ன்னு கருப்பு சொல்லுச்சு. என்ன கொறை சாமின்னு பூசாரி கேக்கவும், படம் அப்படியே நின்னு போச்சு. வாயைத் தெறந்த மேனிக்கு நிக்குது சாமி, மூஞ்சிக்கு நடுவுல வட்டம் சுத்துது. நாங்க கன்னத்துல போட்டுக்கிட்டுக் காத்துக் கெடந்தோம். திரும்ப வரவே இல்ல. என்ன கொறையா இருக்கும்னு அந்த வருசம் பூராம் ஊரே மண்டையைப் பிச்சுக்கிச்சு. கம்மாயில தண்ணி நிக்காததா, ரோடு போடாததான்னு கூட்டம் போட்டுப் பேசினோம். கூட்டத்துக்கு வந்தவுகள்ல பாதிப் பேரு தூங்கிட்டாக. இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குப் பிடிபடலை.

இதெல்லாம் முந்தி. போன வருசந்தான் பெரிய கூத்து.

போன வருசம் ஆடவே ஆளில்ல. பொங்க வச்சாச்சு, கெடா வெட்டியாச்சு, உருமி அடிக்கிறாக, அடிக்கிறாக, எறங்குவனாங்குது கருப்பு. இளைஞர் மன்றத் தலைவருங்கிற மொறையில நான் கூடக் கொஞ்சம் நடுங்கிப் பார்த்தேன். சர்க்கரை கொறைஞ்சு போச்சான்னு கேட்டு எம் பொண்டாட்டி ஒரு கடலை மிட்டாயைக் கையில குடுத்துட்டுப் போயிட்டா.

பொழுது சாயுற நேரம். உருமிக்காரவுகளுக்குப் பரோட்டாப் பொட்டலம் கொண்டாடான்னு பிரிஞ்சிக்குச் சொல்லி விட்டேன். அன்னைக்குக் காலையிலதான் அவனுக்கு வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு, புள்ள நடக்க ஆரம்பிச்சிருச்சுன்னு. எப்படி நடக்குதுன்னு கடைக்குள்ள அவனே தத்தித் தத்தி நடந்து எனக்குக் காட்டினான். மாவு காயுது பாருடான்னேன். அந்தப் பய கூடையோட வந்து உருமிக்குப் பக்கத்துல நின்னான். நின்னவனுக்குக் கை நடுங்குது. பெறகு தலை. கூடை கீழ விழுந்து பொட்டலமெல்லாம் உருண்டுச்சு. ஒரு கத்துக் கத்தினான் பாருங்க, பனைமரத்துக் காக்காயெல்லாம் எந்திரிச்சிருச்சு.

"சுட்டி தோ... சுட்டி தோ..."

கருப்பு எறங்கிருச்சுன்னு சனம் விழுந்து கும்பிடுது. எங்க பூசாரி சீனி வேளாரு. பரம்பரையாச் சட்டி பானை செஞ்சு விக்கிறவுக. அவரு காதுல வேற எது விழும்? சாமி 'சட்டி தா'ங்குது, சட்டி கொண்டாங்கன்னுட்டாரு.

ஒருத்தி பொங்கச் சட்டியை நீட்டினா. அதைப் பார்த்துட்டு அவன் இன்னும் ஆங்காரமாக் கத்துறான். சின்னது பத்தலை போலன்னு, சோறு வடிச்ச பெரிய சட்டியை ரெண்டு பேரு உருட்டிக்கிட்டு வந்தாக. "கர் ஜானா ஹை, சுட்டி தோ"ங்கிறான். கறிச்சட்டி கேக்குதுன்னாரு ஒரு பெரிசு. உடனே கெடாக்கறி வெந்துக்கிட்டிருந்த சட்டியைத் துணியைச் சுத்திப் பிடிச்சு எறக்கி முன்னாடி வச்சாக. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடி வடைச்சட்டி, பணியாரச் சட்டி, மீன் கொழம்புச் சட்டின்னு கொண்டாந்து குமிக்கிறாக. மீன் சட்டியைக் கழுவக்கூட இல்லப்பு. அவனைச் சுத்தி ஒரே சட்டியா நிக்குது. கடைசியில, தீச்சட்டியே வளத்துக் கையில குடுத்துருவோம்னு வேப்பங்கட்டையை அள்ளிட்டாக.

உனக்குத்தான் இந்தி தெரியுமே, நீ சொல்லப்படாதான்னு கேப்பீக. அதைத்தான் ஊரும் கேட்டுச்சு. சாத்தையா சவுதியில இருந்தவன், அவனைக் கேளுங்கன்னு எல்லாரும் எம் மொகத்தைப் பார்க்குறாக. எனக்குத் தெரியாமயா. எங்கப்பா செத்த சேதி வந்த அன்னைக்குத் தம்மாம்ல இதே வார்த்தையைச் சொல்லிக்கிட்டு முதலாளி கார் பின்னாடி ஓடுனவன் நான். அது வேற கதை. ஆனா ஊரே சட்டிங்கும்போது நான் ஒருத்தன் மட்டும் மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்? பூசாரி மருவாதி என்னாகுறது? சட்டிதான்னேன். நல்லாத் தெரியுமான்னாக. சுத்தமான இந்தி, சட்டியேதான்னேன்.

அப்பத்தான் எம் பொண்டாட்டி கூட்டத்துக்குள்ளேர்ந்து வந்தா. அவ எப்பவும் ஒதுங்கி நிக்கிறவ. வந்து, உருமியை நிப்பாட்டுங்கன்னா. அவன் தாடையைப் பிடிச்சு நிமித்தி, "திரும்பச் சொல்லு சாமி"ன்னா. அவன் மெதுவாச் சொன்னான். மேளம் இல்லாததுல எல்லாருக்கும் தெளிவாக் கேட்டுச்சு.

"அது சட்டி இல்ல, சுட்டி"ன்னா பஞ்சவர்ணம். "எம் மகன் கெடைக்கலை கெடைக்கலைங்கிறானே, அந்தச் சுட்டி. இந்தப் புள்ள வீட்டுக்குப் போகணும்ங்குது."

அங்க நின்ன பொம்பளைக அத்தனை பேருக்கும் அந்த வார்த்தை தெரியும். வாராவாரம் போன்ல கேக்குறதுதானே. கையில சட்டியை வச்சுக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்குறாக. ஒருத்தி அழுக ஆரம்பிச்சா, பெறகு எல்லாரும். வேலாயுதம் அண்ணன் மூட்டு வலியை மறந்து நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. எனக்குங்கூடக் கண்ணு கரிச்சுச்சு. பொகைதான். கறிச்சட்டி பக்கத்துல இருந்துச்சுல்ல.

அதுக்குள்ள அந்தக் கறிச்சட்டிப் பெரிசு வேறொரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. பேசுறது கருப்பில்லையா, கருப்புக்கு வீடு மலையாளமாச்சே, அப்ப சாமியே ஊரை விட்டுப் போறேங்குதான்னாரு. பிடிமண்ணா வந்த சாமி, கெளம்பினா ஒரு பிடியாக் கெளம்பிரும்ல. இளவட்டம் பூராம் போச்சு, இனிச் சாமியும் வெளிநாடு போயிருச்சுன்னா ஊர்ல நமக்கு என்ன வேலைன்னு சனம் பதறிப்போச்சு. சீனி வேளாரு ஓடிப்போயிப் பீடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. போகாதே சாமி, போகாதேங்கிறாக. புள்ளைக பெட்டியைத் தூக்குனப்ப வாய்க்குள்ளேயே வச்சுக்கிட்டு நின்னதையெல்லாம் சாமிகிட்டச் சொல்லி அழுதாக.

கடைசியில பஞ்சவர்ணந்தான் தீர்ப்புச் சொன்னா. வீட்டைப் பார்க்கவிட்டாத்தான் சாமி திரும்பி வரும், லீவைக் குடுங்கன்னா. யாரு குடுக்குறது? முதலாளி நாந்தானே. ஊரே எம் பக்கம் திரும்பிருச்சு. நானும் கையெடுத்துக் கும்பிட்டு, ஆவணியில ஒரு முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன் சாமி, அது கழியட்டும்னேன். கருப்புகிட்டயே தவணை சொல்றியான்னு நாலாப் பக்கமும் வசவு. எம் பொண்டாட்டி ஒரு பார்வை பார்த்தா. "சுட்டி தந்தேன் சாமி"ன்னு சொல்லிட்டேன். அவன் எம் நெத்தியில திருநீறைப் பூசிட்டு அப்படியே மயங்கி விழுந்தான். தண்ணி தெளிக்கவும் எந்திரிச்சு, சுத்தி நின்ன சட்டியையெல்லாம் பார்த்து முழிச்சான். "அண்ணே, பரோட்டா கொட்டிருச்சு"ன்னான். பாவம், அவனுக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல.

மறுநாளே வழியனுப்ப ஊரே திரண்டு இந்தப் பிளாட்பாரத்துக்கு வந்துச்சுப்பு. இதே பெஞ்சுலதான் வேலாயுதம் அண்ணனை உட்கார வச்சோம். முறுக்கு, அதிரசம், புள்ளைக்குக் கொலுசு. சீனி வேளாரு, சாமி வாய்விட்டுக் கேட்டது சும்மா போகக் கூடாதுன்னு ஒரு புதுச் சட்டியும் குடுத்தாரு. பெத்த புள்ளைகளை ஏர்போர்ட்டுக்கு அனுப்புனப்ப இப்படி யாரும் கூடுனதில்ல. அடுத்த திருவிழாவுக்குள்ள திரும்பணும்னு பூசாரி கட்டளை போட்டாரு. பக்காண்ணே, பக்காண்ணேன்னு தலையை ஆட்டிட்டு ஏறிட்டான்.

பெறகு மாசக்கணக்குல ஒரு போனில்ல. என் தோள்பட்டையில கொத்தினா என்னத்தை வரும்? பரோட்டா முழுசு முழுசாக் கெடக்குன்னு பெரிசுகெல்லாம் கோவிச்சுக்கிட்டாக. பொம்பளைக கடைக்கு வந்தாச் சாப்பாடு கேக்குறதில்ல, சாமி போன் பண்ணுச்சான்னுதான் கேக்குறது. வெளிய போனவன் திரும்ப மாட்டான்னு எங்களுக்குப் பழகிப் போச்சுல்ல. போன வாரந்தான் கூப்பிட்டான், வாரேன்னு. வர்ற வெள்ளிக்கெழமை திருவிழா. அவன் வரலைன்னா இந்த மாலையைத் தூக்கிக்கிட்டு எந்த மொகத்தோட ஊருக்குள்ள போவேன்? ஒருத்தனாவது திரும்பி வந்தான்னு ஊரு பார்க்கணும்ப்பு. அதுக்குத்தான் எல்லாரும் வழியைப் பார்த்துக்கிட்டுக் கெடக்குறாக.

எம் மகன் மருதுவா? அவனுக்கு இந்த வருசமும் சுட்டி இல்லையாம். நீயும் உன் முதலாளி முன்னாடி ஒருதரம் சாமி ஆடிப் பாருடான்னேன். சிரிச்சான். "அவருக்குத் தமிழ் தெரியாதேப்பா, நான் என்ன கேட்டாலும் ஒரு சட்டியைத்தான் கொண்டாந்து குடுப்பாரு"ன்னான். அதுஞ் சரிதான். எல்லா முதலாளியும் என்னைய மாதிரியே இருந்துருவானா?

அந்தா, வண்டி வந்துருச்சு. மாலையைக் குடுங்க. இல்ல, நீங்களே வச்சுக்கிட்டுக் கூட வாங்க, எனக்குக் கை நடுங்குது. சாமியெல்லாம் இல்லப்பு, சும்மாத்தான். கடைசிப் பெட்டியைப் பாருங்க. மஞ்சச் சட்டை போட்டுருக்கேன்னான், எறங்குறவுகள்ல எதுவும் தெரியுதா? எம்புட்டுக் கூட்டம். எல்லாப் பயலும் பையோட எறங்குறான், எவன்னு கண்டுபிடிக்கிறது...

அந்தா நிக்கிறான். தலையில மூட்டை, கையில எங்க ஊருச் சட்டி. ஒடைக்காமக் கொண்டாந்துருக்கான் பாருங்க. பின்னாடி முக்காடு போட்ட பொண்ணு. அடப்பாவி, பொண்டாட்டியையும் கூட்டியாந்துட்டான். இனிமே லீவே கேக்க மாட்டான். அவ கையைப் பிடிச்சுக்கிட்டு... இடுப்புல இல்லப்பு. நடந்து வருது. புள்ள நடந்து வருது.

இருங்க, போன் அடிக்குது. எம் பொண்டாட்டிதான். இந்தாடி, வந்துட்டான்டி. ஆமா, வந்துட்டான். கண்ணு முன்னாடி நிக்கிறான்... என்னது?

இல்லடி. மருது இல்ல. பிரிஞ்சி.

இந்தாடி... லைன்ல இருக்கியா? அடுப்படிக்குப் போயிராத. சரி, சரி. பால் வாங்கி வையி. கூட ஒரு புள்ள வருது.